கேள்வி நேரம்: கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: 15 ஆண்டுகள் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்றுவிட்டுப் பயிற்றுநராக வந்திருக்கிறேன். செய்து காட்டும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். கோளாறு எங்கே?

பதில்: உங்கள் கை நன்றாகப் பழகிவிட்டது, அதுதான் கோளாறு. பழகிய கை தான் செய்வதை உங்களிடமே சொல்வதில்லை. பிறகு மாணவரிடம் எப்படிச் சொல்லும்? அதனால் வகுப்புக்கு முன்பே ஒரு தாளில் படி, சூட்சுமம், காரணம் என்று மூன்று பத்தி போடுங்கள். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, செய்துகொண்டே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

சூட்சுமம் என்று எழுதத் தகுதியானவை மூன்றே வகை: தவறினால் வேலை கெடும், ஆளுக்கு அடிபடும், தெரிந்தால் வேலை சுலபமாகும். மற்றதெல்லாம் தாளை அடைக்கும் பேச்சு.

உங்கள் மைக்ரோமீட்டரையே எடுப்போம். முதல் படி, பூஜ்யம் பார்ப்பது. சூட்சுமம், அளவு முகங்களைத் துடைத்துவிட்டு மூடுவது. காரணம், இடையில் சிக்கும் தூசியும் அளவில் சேர்ந்துவிடும். இரண்டாம் படி, பொருளைப் பிடிப்பது. சூட்சுமம், கடைசித் திருப்பு ராட்செட்டில் (அளவுக்கு மேல் இறுக்காமல் வழுக்கும் முனைக் குமிழில்), இரண்டு மூன்று 'டிக்' கேட்டதும் நிறுத்துவது. காரணம், திம்பிளை (கோடு போட்ட சுழலும் உருளையை)ப் பிடித்து இறுக்கினால் ஆளுக்கு ஓர் அளவு வரும்.

மூன்றாம் படி படிப்பது. உங்கள் மாணவர்கள் விழுவது இங்கேதான். சாதாரண மைக்ரோமீட்டரில் திம்பிள் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், அதில் 50 கோடுகள், ஒரு கோடு 0.01 மி.மீ. ஸ்லீவில் (திம்பிளுக்குள் இருக்கும் சுழலாத உருளையில்) முழு மி.மீ. ஒரு பக்கம், அரை மி.மீ. மறு பக்கம். பொருளின் அளவு 7.48 என்று வையுங்கள். திம்பிளில் 48, ஆனால் 7.5-க்கான அரைக் கோடு திம்பிள் விளிம்பில் லேசாக எட்டிப் பார்க்கும். மாணவர் அதையும் சேர்த்து 7.98 என்பார். மறுபக்கம், 7.78-இல் வெளியே வந்துவிட்ட அரைக் கோட்டைக் கவனிக்காமல் 7.28 என்பார். தவறு சரியாக 0.50 இருந்தால் காரணம் அரைக் கோடுதான், வேறெங்கும் தேட வேண்டாம். சூட்சுமம் இது: அரைக் கோடு மங்கலாகத் தெரிந்தால் திம்பிளைப் பார். 40-க்கு மேல் இருந்தால் கோடு இன்னும் கடக்கவில்லை. பூஜ்யத்தை ஒட்டிச் சிறிய எண்ணாக இருந்தால் கடந்துவிட்டது. இதை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்கள் கண்ணே அதைப் பார்த்துக்கொள்கிறது.

தாள் தயாரானதும் மூன்று முறை செய்து காட்டுங்கள். முதல் முறை படிகளை மட்டும் சொல்லுங்கள், அடுத்ததில் சூட்சுமத்தைச் சேருங்கள், கடைசியில் காரணத்தையும் சேருங்கள். பிறகு மாணவர் செய்யட்டும். முதலில் பேசாமல் செய்வார், நீங்கள் தவறை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த சுற்றுகளில் அவரே படியையும் சூட்சுமத்தையும் காரணத்தையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அதற்கு "புரிந்தது" தவிர வேறு பதில் வராது.

இது புதிய வித்தை இல்லை. தயார்ப்படுத்து, காட்டு, செய்ய விடு, சோதி என்ற நான்கு படிகளை அமெரிக்கத் தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் 1919-லேயே எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதன் வழியில்தான். அந்த வகுப்பில் மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சை முதலில் சொல்லி மட்டும் பார்ப்பார்கள், யாருக்கும் வராது. காட்டி மட்டும் பார்ப்பார்கள், அப்போதும் வராது. பிறகு படிப்படியாகச் சொல்லிக் காட்டிச் செய்ய விடுவார்கள், வந்துவிடும். உங்கள் சக பயிற்றுநர்களிடம் ஏதாவதொரு முடிச்சை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள். அரை மணி நேரப் பிரசங்கம் மிச்சம்.

கேள்வி: 20 பேருக்கு ஒரே லேத். எப்படிக் காட்டுவது?

பதில்: 20 பேரைச் சுற்றி நிறுத்தினால் 5 பேருக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து ஒரே விளக்கத்தைத் திரும்பச் செய்யுங்கள். மற்ற குழுக்களுக்கு அளவெடுப்பது, அரம் போடுவது போன்ற வேலை இருக்கட்டும். பார்ப்பவர்கள் வேலை செய்பவரின் பக்கமாக, ஆபத்து எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். எதிரே நின்றால் இடம் வலமாகத் தெரியும். கைப்பிடியைத் திருப்பும் திசையைத் தலைகீழாகக் கற்றுக்கொள்வார்கள். பொருளைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு நேர் எதிரே யாரும் வேண்டாம். இயந்திரம் ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். சத்தத்தில் பாதி காதில் விழாது, கண்ணும் உங்கள் வாயைத்தான் பார்க்கும். நிறுத்துங்கள், சொல்லுங்கள், ஓட்டுங்கள்.

கேள்வி: தியரி முதலிலா, செய்முறை முதலிலா?

பதில்: தேவைப்படும் அளவு தியரி, தேவைப்படுவதற்குச் சற்று முன்னால். வெட்டு வேகத்தை வைத்து ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கணக்கிடும் சூத்திரத்தை, அதாவது 1000 × வேகம் ÷ (3.14 × விட்டம்) என்பதை, மாதத் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்தால், லேத்துக்கு வரும்போது மறந்திருக்கும். 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் தண்டு கையில் இருக்கும்போது, நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்து ஏறத்தாழ 380 வருவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கியர் பெட்டியில் அதற்கு அடுத்த குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த 10 நிமிடம் போதும்.

கேள்வி: முடித்த பொருளைப் பார்த்து மார்க் போடுகிறேன். போதாதா?

பதில்: போதாது. 20 மி.மீ. தண்டு ±0.05-க்குள் வந்திருக்கலாம், சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் கை போனது பொருளில் தெரியாது. பொருளுக்கு ஒரு தாள், செய்முறைக்கு ஒரு தாள். செய்முறைத் தாளில் 'ஆம், இல்லை' மட்டும் இருக்கட்டும்; "சுமார்", "பரவாயில்லை" என்று எழுத இடம் கொடுத்தால் இரண்டு பயிற்றுநர்கள் இரண்டு மார்க் போடுவார்கள். பாதுகாப்பு வரிகளுக்கு மார்க்கே வைக்காதீர்கள். தவறினால் அங்கேயே வேலை நிற்க வேண்டும். அதை 5 மார்க்காக்கினால், மற்றதில் ஈடுகட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: புதிய பயிற்றுநர்களுக்கு இதையெல்லாம் பழக்குவது எப்படி?

பதில்: 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்பயிற்றல் முறை இதற்குப் பொருத்தம். 5 முதல் 10 நிமிடம், ஒரே ஒரு செயல், நாலைந்து மாணவர்கள். வீடியோ எடுங்கள், ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள், அன்றே வேறு மாணவர்களை வைத்து மறுபடி நடத்தச் சொல்லுங்கள். ஏழெட்டுக் குறைகளை அடுக்கினால் ஒன்றும் திருந்தாது. மாணவர்களாக உட்கார வைப்பவர்கள் அதே தொழில்காரர்களாக இருக்கக் கூடாது. வெல்டிங் வகுப்புக்கு எலக்ட்ரீஷியனையும் தச்சரையும் உட்கார வையுங்கள். விட்டுப்போன படியில் அவர்கள் கை உடனே நின்றுவிடும்.