பீரங்கிக்குக் கறுப்பு வர்ணம் மட்டும் போதாது

கேள்வி: ஊர்காவற்றுறையில் எங்கள் சனசமூக நிலைய முற்றத்தில் பழைய இரும்புப் பீரங்கி ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் கறுப்பு வர்ணம் பூசுகிறோம். மாரி தொடங்கியதும் வர்ணம் கொப்பளித்துப் பழுப்பு நீர் வடிகிறது. மணல் பீச்சிச் சுத்தமாக்கிவிட்டுப் பூசலாமா?

பதில்: மணல் பீச்ச வேண்டாம். வார்ப்பிரும்பு நெடுங்காலம் உப்பில் கிடந்தால் இரும்பு கரைந்துபோய், அதிலிருந்த கரி மட்டும் பழைய வடிவத்திலேயே எஞ்சும். பேனாக்கத்தி பட்டாலே உதிரும் அந்தக் கரிய தோலில்தான் அரச கிரீடச் சின்னமும் எடை எண்களும் இருக்கும். மணல் பட்டால் சில நிமிடங்களில் அவை போய்விடும்; பிறகு எவராலும் மீட்க முடியாது.

பழுப்பு நீர், உள்ளே தங்கிய உப்பின் வேலை. அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கிறது. அதன்மேல் வர்ணம் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

எதையும் தொடங்குமுன் குழாயின் ஆழத்தை ஒரு நீண்ட கம்பால் மெதுவாக அளந்து பாருங்கள். பின்புறம் மேலே நெருப்பு வைக்கும் சிறு துளை வரை கம்பு எட்ட வேண்டும். முன்னரே தடுத்தால் உள்ளே குண்டும் வெடிமருந்தும் இருக்கலாம். பழைய மருந்து காய்ந்தால் இன்றும் எரியும். துளையிடுதல், உருக்கி ஒட்டும் வேலை எதுவும் கூடாது, பொலிஸாருக்கு அறிவியுங்கள். தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய பொருட்களுக்காகவே உள்ளது.

எண்களைப் படமெடுத்து வையுங்கள். பிரித்தானியப் பீரங்கியில் 24-2-10 என்றிருந்தால் அது எடை: முதல் எண்ணை 112ஆலும் இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டினால் 2,754 இறாத்தல், ஏறத்தாழ 1,250 கிலோ. தூக்குவதற்கு எத்தகைய பாரந்தூக்கி வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். சங்கிலி வேண்டாம், அகலமான துணிப்பட்டியால் தூக்குங்கள்.

கழுவும் நீரில்தான் பலர் தவறுகிறார்கள். தீவகத்துக் கிணறுகள் பல உவர். அந்த நீரால் கழுவினால் உப்பைத்தான் சேர்ப்போம். மாரியில் தொட்டியில் பிடித்த மழைநீரை வைத்திருந்து, சோளகக் காற்று கடலுப்பை அள்ளி வருமுன், பங்குனி வெயிலில் தும்புத் தூரிகையால் மென்மையாகக் கழுவுங்கள். வடிந்த நீரில் கொஞ்சத்தைப் போத்தலில் பிடித்து, பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். பால் போலக் கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. கழுவாத மழைநீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கலங்கல் குறையும்வரை பல நாட்கள் கழுவ நேரும். ஒவ்வொரு முறையும் அன்றே துடைத்து உலர்த்துங்கள், ஈரமாக இரவைக் கடக்க விடாதீர்கள். கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிக்கு இது போதாது. காரக் கரைசல் நிரப்பிய தொட்டியில் மாதக்கணக்கில் மின்னோட்டம் செலுத்த வேண்டும். அது ஆய்வுகூடத்துக்குரிய வேலை.

நன்கு காய்ந்த பின் டானிக் அமிலக் கரைசலைத் தூரிகையால் இரண்டு மூன்று தடவை பூசினால் கறள் (துரு) கருநீலமாக இறுகும். அதன்மேல் கப்பல்களுக்குப் பூசும் எப்பொக்சி அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடலாம். என் விருப்பம் மெழுகு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தாலும், உள்ளே கறள் பிடித்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், எளிதில் எடுத்தும்விடலாம்.

வாயைச் சீமெந்தால் அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் திணைக்களத்தின் வழிகாட்டலில் அகற்றுங்கள். நீர் வழிந்தோட வாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும். குளவியும் குப்பையும் புகாமல் காற்றுப் போகும் வலையை இடுங்கள். தரையில் கிடத்தாமல் இரண்டு கல் தாங்கிகளில் ஏற்றி, பீரங்கிக்கும் கல்லுக்கும் இடையே தடித்த பிளாஸ்டிக் தகடு வையுங்கள். அடுத்த மாரியில் முதல் மழை விட்டதும் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நீர் தேங்கினால் தாங்கிகளின் சாய்வைத் திருத்துங்கள்.