வாசகர் கேள்வி – பதில்: வாசலில் காத்திருக்கும் ஆறு பால்கன் நாடுகள்

கேள்வி: பால்கன் நாடுகள் என்று செய்தித்தாள்கள் எழுதும்போது எவற்றைக் குறிப்பிடுகிறார்கள்? அவற்றுள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவை எவை, இன்னும் வெளியே நிற்பவை எவை?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள தீபகற்பத்துக்குப் பால்கன் என்று பெயர்; அதில் உள்ள நாடுகளையே அப்படிக் குறிப்பிடுகிறார்கள். அவற்றுள் கிரீஸ் 1981-லேயே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஸ்லோவீனியா 2004-லும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2007-லும், குரோஷியா 2013-லும் சேர்ந்தன. செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா-ஹெர்சகோவினா, வடக்கு மாசிடோனியா, அல்பேனியா, கொசோவோ ஆகிய ஆறும் வெளியே நிற்கின்றன. இன்று ‘மேற்கு பால்கன்’ என்றால் இந்த ஆறுதான். ஆறையும் சேர்த்தாலும் மக்கள்தொகை இரண்டு கோடியை எட்டாது.

2003 ஜூன் மாதம் கிரீஸின் தெசலோனிக்கி நகரில் கூடிய ஒன்றியத்தின் தலைவர்கள், பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அன்று அந்த உறுதியைப் பெற்ற நாடுகளுள் இன்றுவரை உள்ளே சென்றது குரோஷியா மட்டுமே. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இப்போது வாக்களிக்கும் வயதையும் கடந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால்தான் இந்தக் காத்திருப்பின் நீளம் புரியும்.

கேள்வி: ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்கிறது. அப்படியிருக்க, முதலில் அண்டை நாடுகளோடு ஒத்துழையுங்கள் என்று ஒன்றியம் ஏன் வற்புறுத்துகிறது?
– ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், ஈரோடு

பதில்: தாங்கள் மின்வாரியத்தில் பணியாற்றியவர் என்பதால் மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். 2018 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, ஐரோப்பாவின் 25 நாடுகளில், மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைக் கொண்டு ஓடும் கடிகாரங்கள் மெல்ல மெல்லப் பின்தங்கி, முடிவில் ஏறத்தாழ ஆறு நிமிடம் தாமதமாக ஓடின. ஒன்றோடொன்று பிணைந்த அந்த வலையமைப்பில் எங்கே உற்பத்தி குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸ் அளவு எல்லா இடங்களிலும் இறங்கும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொசோவோ தன் உற்பத்தியைவிட அதிக மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதியின் சமநிலைக்குப் பொறுப்பான செர்பியா அதை ஈடுசெய்யவில்லை. செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் வடக்கு கொசோவோவில் பயன்படுத்தப்படும் மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது என்ற அரசியல் தகராறு இதற்கு அடியில் இருந்தது. கொசோவோவின் தலைநகரான பிரிஸ்டினாவுக்கும் செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கும் இடையிலான பூசல், ஐரோப்பாவின் மறுகோடியில் உள்ள வீடுகளின் அடுப்புக் கடிகாரம் வரை சென்று சேர்ந்தது.

அண்டை வீட்டுச் சண்டையைத் தீர்க்காமல் யாரையும் உள்ளே விட முடியாது என்ற எண்ணம் ஒன்றியத்துக்கு அனுபவத்தால் வந்தது. ஸ்லோவீனியா உள்ளே சென்ற பிறகு, இரு நாடுகளுக்கும் இடையே உள்ள பிரான் வளைகுடாவின் எல்லைத் தகராறைக் காரணம் காட்டி, குரோஷியாவின் பேச்சுவார்த்தைகளை ஏறத்தாழ ஓராண்டு முடக்கி வைத்தது. புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளின் இசைவும் வேண்டும் என்பதால், முதலில் உள்ளே நுழைந்தவர் அடுத்தவருக்குக் கதவைச் சாத்திவிட முடிகிறது.

ஆயினும், ஒத்துழைப்பு என்பது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் கட்டாயத்துக்காக மட்டும் நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சாவா நதியைப் பாருங்கள். யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது அது உள்நாட்டு நதி. நாடு உடைந்தபின் ஸ்லோவீனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா ஆகிய நான்கு நாடுகளின் வழியாக ஓடி, பெல்கிரேடில் டான்யூபோடு கலக்கிறது. போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கை கையெழுத்தாகி ஏழே ஆண்டுகளில், அதாவது 2002 டிசம்பரில், ஒருவரோடொருவர் போரிட்ட இந்த நாடுகள், கப்பல் போக்குவரத்து, நீர்ப் பங்கீடு, வெள்ளத் தடுப்பு ஆகியவற்றைச் சேர்ந்து நடத்துவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் ஆணையம் சாக்ரெப் நகரில் இயங்குகிறது. 2014 மே மாதப் பெருவெள்ளம், போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளையும் போஸ்னியாவில் இடம்பெயர்த்துச் சென்றபோது, நதியின் மேற்பகுதியில் பெய்யும் மழையின் அளவைக் கீழ்ப்பகுதி நாடு உடனுக்குடன் அறிய வேண்டியதன் அவசியத்தை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வடிநிலம் முழுவதற்குமான கூட்டு வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாடு 2018 முதல் செயல்படுகிறது.

எளிய மக்கள் நேரடியாக உணர்ந்த பயன் கைபேசியில் வந்தது. 2019-இல் பெல்கிரேடில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 2021 ஜூலை 1 முதல் இந்த ஆறு நாடுகளுக்கிடையே ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லை. ஒரே குடும்பம் இரண்டு மூன்று நாடுகளில் சிதறி வாழும் நிலப்பரப்பில் இது சிறிய செய்தியன்று. என் பார்வையில், தலைவர்கள் கைகுலுக்கும் பல மாநாடுகளைவிட இந்த ஒரு சலுகை பெரியது.

கேள்வி: தன் பெயரையே மாற்றிக்கொண்ட பிறகும் வடக்கு மாசிடோனியாவைச் சேர்க்கவில்லை என்று படித்தேன். இது உண்மையா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான், பால்கன் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதியும் இதுவே. 1991-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து விடுதலை பெற்ற அந்த நாடு ‘மாசிடோனியா’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. அலெக்சாந்தரின் பழைய மாசிடோனியா தன் பாரம்பரியம் என்றும், தன் வடபகுதி மாநிலத்துக்கும் அதே பெயர் இருக்கிறது என்றும் கிரீஸ் எதிர்த்தது. ஐக்கிய நாடுகள் சபையில் ‘முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற தற்காலிகப் பெயரோடு அது கால் நூற்றாண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒன்றியத்தில் சேரத் தகுதிபெறும் வேட்பாளர் நாடாக 2005-லேயே ஏற்கப்பட்டும், பேச்சுவார்த்தை தொடங்கவில்லை.

2018 ஜூன் 17 அன்று, இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் பிரெஸ்பா ஏரியின் கரையில், மாசிடோனியப் பிரதமர் சோரன் சாயெவும் கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸும் முன்னிலை வகிக்க உடன்படிக்கை கையெழுத்தானது. இருவருமே தத்தம் நாட்டில் துரோகி என்ற வசையைக் கேட்டார்கள். 2019 பிப்ரவரியில் நாடு ‘வடக்கு மாசிடோனியா’ ஆனது. அடுத்த ஆண்டு நேட்டோவில் இடமும் கிடைத்தது. ஆனால் ஒன்றியத்தின் கதவு திறக்கவில்லை. 2019 அக்டோபரில், சேர்க்கும் முறையையே முதலில் சீர்திருத்த வேண்டும் என்று பிரான்ஸ் தடுத்தது. அந்தத் தடை நீங்கிய பின், 2020 நவம்பரில் பல்கேரியா குறுக்கே வந்தது. மாசிடோனிய மொழி தனிமொழி அன்று என்பதும், 1903-இல் மறைந்த புரட்சியாளர் கோட்செ டெல்செவ் போன்றோர் பல்கேரியர்களே என்பதும் அதன் வாதம். ஒரு மக்கள் பேசுவது எந்த மொழி என்பதைப் பக்கத்து நாட்டின் ஒப்புதலுக்கு விடுவது எந்த நீதியிலும் சேராது என்பதே என் கருத்து.

2022 ஜூலையில் பிரான்ஸ் முன்வைத்த சமரசத்தால் பேச்சுவார்த்தை பெயரளவில் தொடங்கியது. எனினும், பல்கேரியர்களை நாட்டின் மக்கள் பிரிவுகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்த்தால்தான் அடுத்த கட்டம் என்பது நிபந்தனை. பெயருக்காக ஒருமுறை அரசியலமைப்பைத் திருத்திய நாடாளுமன்றத்திடம் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கேட்கப்படுகிறது. 2024-இல் ஆட்சிக்கு வந்த கட்சி அதற்கு இசையவில்லை. அதுவரை சேர்ந்தே நகர்த்தப்பட்ட அல்பேனியா தனியே பிரிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் தன் பேச்சுவார்த்தையின் முதல் தொகுதியை, அதாவது பேச வேண்டிய தலைப்புகளின் முதல் தொகுப்பை, திறந்துவிட்டது.

கேள்வி: கொசோவோவைச் செர்பியா அங்கீகரிக்கவில்லை. பிறகு எப்படி இரண்டும் ஒரே கூட்டத்தில் உட்காருகின்றன?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு நட்சத்திரக் குறியின் துணையோடு உட்காருகின்றன. 2012 பிப்ரவரியில் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பிராந்தியக் கூட்டங்களில் கொசோவோவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், இந்தப் பெயர் அதன் அந்தஸ்து பற்றிய எவருடைய நிலைப்பாட்டுக்கும் பாதகமில்லை என்ற அடிக்குறிப்பும் இடம்பெறும். ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து நாடுகள் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை. 2008-இல் செர்பியாவிடமிருந்து விடுதலை அறிவித்த கொசோவோவுக்கு 383 என்ற சொந்தத் தொலைபேசிக் குறியீடு 2016-இல்தான் கிடைத்தது. அதற்குமுன் செர்பியா, மொனாக்கோ, ஸ்லோவீனியா ஆகியவற்றின் குறியீடுகளைக் கொண்டே பேசினார்கள். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் பகுதிக்கு விசா இல்லாமல் செல்லும் உரிமையை செர்பியர்கள் 2009-இலேயே பெற்றார்கள். கொசோவோ மக்களுக்கு அது 2024 ஜனவரி 1 அன்றுதான் வந்தது.

கேள்வி: ஒன்றியம் சேர்க்காவிட்டால் தங்களுக்குள்ளேயே ஒரு சந்தையை அமைத்துக்கொள்ளக் கூடாதா?
– ஜவுளி வணிகர், சேலம்

பதில்: முயன்றிருக்கிறார்கள். செர்பியாவும் அல்பேனியாவும் வடக்கு மாசிடோனியாவும் 2019-இல் ‘சிறிய ஷெங்கன்’ என்று தொடங்கி, 2021-இல் ‘திறந்த பால்கன்’ என்று பெயர் மாற்றிய கூட்டு அதுதான். செர்பியாவின் கை ஓங்கிவிடும் என்ற அச்சத்தால் கொசோவோ விலகி நின்றது; மற்ற இரண்டும் சேரவில்லை. ஆறு நாடுகளையும் உள்ளடக்கிய முயற்சி, 2014-இல் ஜெர்மனி தொடங்கிய ‘பெர்லின் நடைமுறை’. அடையாள அட்டையை மட்டும் காட்டி எல்லை கடப்பதற்கும், ஒரு நாட்டின் மருத்துவப் பட்டம் மற்ற நாட்டில் செல்லுபடியாவதற்கும் 2022 நவம்பரில் ஒப்பந்தங்கள் அதன்கீழ் உருவாயின.

ஆனால் வணிகர் என்ற முறையில் தாங்களே கணக்கிடலாம். இரண்டு கோடிக்கும் குறைவானவர்களின் சந்தையை எவ்வளவு திறந்தாலும், நாற்பத்தைந்து கோடிப் பேரின் சந்தைக்கு அது ஈடாகாது. ஆகவே, அண்டை நாட்டு ஒத்துழைப்பு ஒன்றியத்துக்குச் செல்லும் பாதையாக இருக்கும்வரை மக்கள் அதை விரும்புவார்கள். உறுப்புரிமைக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் ஆறுதல் பரிசாக மாறினால் வெறுப்பார்கள். 2024 முதல் 2027 வரை ஆறு நாடுகளுக்கும் 600 கோடி யூரோ ஒதுக்கும் வளர்ச்சித் திட்டம், சீர்திருத்தம் செய்தால்தான் பணம் என்ற நிபந்தனையோடு வந்திருக்கிறது. அதில் 200 கோடி மானியம், மீதம் கடன். இப்போது எல்லோரையும்விட முன்னே நிற்பது, ஆறு லட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட மாண்டினீக்ரோ. 2012-இல் பேச்சுவார்த்தையைத் தொடங்கிய அந்த நாடு, 2028-இல் உறுப்பினராகிவிட வேண்டும் என்று நாள் குறித்து உழைத்துக்கொண்டிருக்கிறது.