எந்தத் துணிக்கு எந்த மிஷின்? – தையல் மிஷின் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கும் வீட்டு யூனிட்டுகள்தான் என் வாடிக்கையில் பாதிக்கு மேல். மிஷின் வாங்குவது பற்றியும், வாங்கின மிஷின் படுத்துவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். விலையைக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது கடைக்குக் கடை மாறுகிறது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அண்ணா, அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அம்மாவின் கால் மிஷின் இருக்கிறது. இருபது டிசைன் தையல் வரும் மிஷின் வாங்கிக்கொள் என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா?

பதில்: ஒரு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாரும்மா. தோள், பக்கம், டாட் (வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்பு), லைனிங், எல்லாம் நேர்த்தையல்தான். அந்த இருபதில் நீ தொடப்போவது இரண்டு: நேர்த்தையல், ஜிக்ஜாக். பூவும் இலையும் வாங்கின வாரம் போட்டுப் பார்ப்பாய், அதோடு சரி.

ஆனால் ஜிக்ஜாக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊசி இடமும் வலமுமாகப் போய்ப் போய்த் தைப்பதால் துணி ஓரத்தில் இழை பிரியாது. சேலை ஓரம் பிரியாமல் பிகோ அடிக்கலாம், அவசரத்துக்குக் காஜாவும் (பட்டன் ஓட்டை) போடலாம். ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் சேலையையும் கையோடு கொண்டு வருகிறார்கள். பிகோ, ஃபால்ஸ் காசு ஏன் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்? அதனால் கால் மிஷினை விற்காதே. அதற்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டிக்கொள். இரண்டாவதாக ஒரு சாதாரண ஜிக்ஜாக் மிஷின் வாங்கு. ஆன்லைனில் ஸ்டேப்ளர் வடிவில் ஒரு கை மிஷின் வருகிறதே, அது தையலுக்கு ஆகாது.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆர்டர் கூடிவிட்டது. அம்ப்ரெல்லா மிஷினா, பவர் மிஷினா? முதல் மாடியில் குடியிருக்கிறோம், கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே முறைக்கிறார்.

பதில்: அம்ப்ரெல்லா என்பது கால் மிஷினுக்குப் பெரியண்ணன். தலை (ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் மிஷின்) கனம், அதன் கை நீளம், ஜீன்ஸ் வரை சளைக்காமல் தைக்கும். கரண்ட் போனாலும் மிதிக்கலாம். கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் வேறு சாதி. வீட்டு மிஷின் மோட்டாரோடு நிமிடத்துக்கு 800, 1000 தையல் போட்டால், இது 5000 வரை போகும். ஆனால் நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஒரே மாதிரி நைட்டி, பாவாடை என்று கட்டுக் கட்டாகத் தைப்பவருக்குத்தான் அது லாபம். கழுத்து வளைவுக்கு அரை மணி செலவழிப்பவருக்கு வேகம் எதற்கு?

வாங்குவதென்றால் மோட்டாரைப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதுமே சுற்ற ஆரம்பித்துவிடும்; நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் இரைச்சலும் கரண்டும் உண்டு. சர்வோ மோட்டார் காலை அழுத்தினால்தான் ஓடும். வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம், பழகுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. செகண்ட் ஹேண்டில் கிளட்ச் மோட்டாரோடு மலிவாகக் கிடைக்கும். உங்கள் கீழ்வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு சர்வோவே வாங்குங்கள். ஸ்டாண்டு காலுக்கு அடியில் ரப்பர் பேடும் வையுங்கள்.

அப்புறம், எண்ணெய். பவர் மிஷினின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். அதில் உள்ள குறி வரைக்கும் மிஷின் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஓடும்போது தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரியவேண்டும்; தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எந்த மிஷினுக்கும் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசின் மாதிரி இறுகிப்போய், கடைசியில் என் கடைக்குத்தான் வரும். ஊசியும் மாறும்: வீட்டு மிஷின் ஊசியின் மேல்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷினுக்கு முழு உருண்டை. ஒன்றை மற்றொன்றில் திணிக்க முடியாது.

கேள்வி (புளியந்தோப்பு): பனியன் துணி தைத்தால் தையல் தாவுகிறது. குழந்தை டி-ஷர்ட்டைப் போட இழுத்தால் நூல் பட்டென்று அறுகிறது. மிஷினில் கோளாறா?

பதில்: மிஷின் நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஊசியை மாற்றுங்கள். பனியன் துணி நெய்தது அல்ல, பின்னியது. கூர் ஊசி அந்தக் கண்ணிகளைக் குத்திக் கிழிக்கும். பால் பாயின்ட் ஊசி என்று கேளுங்கள், முனை மழுங்கலாக இருக்கும், கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். தாவல் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

நூல் அறுவது தனிக் கதை. துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது, அதனால் நூல்தான் போகும். கடையில் வாங்கின டி-ஷர்ட் ஒன்றைப் பிரட்டிப் பாருங்கள். பக்கத் தையலில் நூல் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். அது ஓவர்லாக். அந்த மிஷினில் கத்தி உண்டு, ஓரத்தை நறுக்கிக்கொண்டே தைக்கும். கீழ்மடிப்பில் மேலே இரண்டு வரிசை, உள்ளே வலை மாதிரிப் பின்னல் தெரியும். அது ஃபிளாட்லாக். இரண்டுமே துணியோடு நீளும். மூன்று நூல் ஓவர்லாக் நைட்டி, சுடிதார் ஓரத்துக்குப் போதும். பனியன் துணியை இணைக்க நான்கு நூல் நல்லது. ஐந்து நூலில் பக்கத்திலேயே ஒரு சங்கிலித் தையலும் சேர்ந்து விழும், பேன்ட், சட்டை கம்பெனிகளுக்கு அது. ஃபிளாட்லாக்கை வீட்டுக்கு வாங்காதீர்கள், வேலை தொடர்ந்து இருந்தால்தான் கட்டும். அதுவரை வீட்டு மிஷினில் ஒடுங்கலான ஜிக்ஜாக் போடுங்கள், ஓரளவு இழுபடும்.

கேள்வி (காசிமேடு): ஆட்டோ சீட், தார்ப்பாய் தைக்க எது?

பதில்: மெல்லிய ரெக்சினை அம்ப்ரெல்லாவிலேயே தைக்கலாம். சீட்டுக்கு ஸ்பாஞ்சோடு மூன்று நான்கு மடிப்பு வந்தால் வாக்கிங் ஃபுட் மிஷின் வேண்டும். சாதாரண மிஷினில் அடியில் இருக்கும் பல் மட்டும் துணியை நகர்த்தும், அதனால் மேல் மடிப்பு பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட்டில் மேலே இருக்கும் பாதமும் நடக்கும். தையலைப் பொடியாகப் போடாதீர்கள். ரெக்சினில் நெருக்கமாக ஓட்டை விழுந்தால் தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். தார்ப்பாய் வெயிலில் கிடப்பது, அதற்கு நைலான் நூலைவிடப் பாலியஸ்டர் நூல் தாங்கும்.

கேள்வி (மூலக்கொத்தளம், அரிசிக் கடை): செங்குன்றம் மில்லிலிருந்து வரும் மூட்டையில் நூலை ஒரு இழு இழுத்தால் வாய் முழுக்கத் திறக்கிறது. என் பேன்ட் தையல் ஏன் அப்படி வருவதில்லை?

பதில்: நல்லவேளை வரவில்லை! மூட்டை வாய் தைக்கும் மிஷினில் பாபினே, அதாவது அடிநூல் சுற்றி வைக்கும் உருளையே, கிடையாது. ஒரே நூல்தான் தன் வளையத்துக்குள் தானே நுழைந்து சங்கிலியாகப் போகும். தைத்து முடித்த முனையை இழுத்தால் ஒவ்வொரு வளையமாகக் கழன்றுவிடும். ஆரம்பித்த முனையிலிருந்து இழுத்தால் இறுகும், அப்போதுதான் கடைப்பையன் கத்தியைத் தேடுவான். உங்கள் பேன்டில் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. மேலே சொன்ன ஸ்டேப்ளர் மிஷினும் ஒற்றை நூல்தான்.

கேள்வி (ராயபுரம்): காஜா மிஷின் வாங்கினால் போட்ட பணம் வருமா?

பதில்: தினமும் சட்டை கட்டுக்கட்டாக வந்தால் வரும். இல்லாவிட்டால் காஜா பட்டன் கடையில் கொடுத்துப் போட்டு வாங்குங்கள்.

கேள்வி (பெரம்பூர்): பாட்டியின் சிங்கர் மிஷின், கறுப்பு. அதற்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், லட்சக்கணக்கில் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். உண்மையா சார்?

பதில்: உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் தம்பி. 2009இல் சவுதி அரேபியாவில் இதே புரளி கிளம்பி, பழைய சிங்கருக்கு எக்கச்சக்க விலை ஏறி, போலீஸ் விசாரிக்கும் வரை போனது. வந்தவர் முன்பணம், டெஸ்ட் செலவு என்று ஏதாவது கேட்டால் அனுப்பிவிடுங்கள். பழைய இரும்புக்கும் போடாதீர்கள். உருண்டை பாபின் மாடலாக இருந்தால் சாமான் கிடைக்கும், சுத்தம் பண்ணினால் ஓடும். அடிநூலைப் படகு வடிவ நீள ஷட்டிலில் வைக்கும் மாடல் என்றால் சாமான் தேடி அலைய வேண்டிவரும். மிஷினில் பொறித்திருக்கும் நம்பருக்கு முன்னால் எஃப் அல்லது ஒய் எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடிவிட்டது.

கேள்வி (வியாசர்பாடி): துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. பாபின் கேஸை மாற்றியும் போகவில்லை.

பதில்: அடியில் சிக்கினால் மேல்நூலைப் பாருங்கள். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். அப்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் நடுவில் இறங்காது, மேல்நூல் தளர்வாக ஓடி அடியில் குவியும். பாதத்தைத் தூக்கி வைத்து, நூலை முழுக்க உருவிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தலையை மட்டும் கழற்றிக் கொண்டு வாருங்கள், ஸ்டாண்டைச் சுமக்க வேண்டாம்.