பெரும்பாலான அமெரிக்கர்கள் விரும்பியும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறுவது ஏன் கடினமாக இருக்கிறது?

சட்டமன்றப் பிரதிநிதித்துவம் என்பது மக்களின் விருப்பம் சட்டம் இயற்றும் அவையில் எந்த அளவில், யார் வழியாக இடம்பெறுகிறது என்பதைக் குறிக்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையில் மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்களே உண்டு என்பதால், ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவும் 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கும் அங்கே சம வலிமை பெறுகின்றன. ஒரு குடியிருப்புச் சங்கத்தில் 100 வீடுகள் உள்ள கட்டடத்துக்கும் 4 வீடுகள் உள்ள கட்டடத்துக்கும் தலா ஒரே வாக்கு என்று வைத்ததைப் போன்றது இது. வேட்டையும் துப்பாக்கியும் அன்றாட வாழ்வோடு கலந்த கிராமப்புற மாநிலங்களின் குரல் இதனால் கூடுதல் எடை பெறுகிறது.

இதற்கு மேல், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே பெரும்பாலான மசோதாக்களுக்கு செனட்டின் 100 உறுப்பினர்களில் 60 பேரின் ஆதரவு வேண்டும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் முறையை விரிவாக்க ஜனநாயகக் கட்சியின் மான்சினும் குடியரசுக் கட்சியின் டூமியும் சேர்ந்து முன்வைத்த திருத்தத்தைக் கருத்துக்கணிப்புகளில் மிகப் பெரும்பான்மையோர் ஆதரித்திருந்தும், 2013 ஏப்ரலில் அது ஆதரவாக 54, எதிராக 46 வாக்குகள் பெற்று, 60ஐ எட்டாததால் தோற்றது. இத்தனை குழந்தைகளின் சாவுக்குப் பிறகும் இப்படி நடந்தது வேதனைக்குரியது. 2022இல் யுவால்டே பள்ளிப் படுகொலைக்குப் பின் 65 வாக்குகள் திரண்டபோதுதான் ஒரு மிதமான சட்டம் செனட்டைக் கடந்தது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமே எல்லாக் கட்டுப்பாட்டையும் தடுக்கிறது என்று பலர் கருதுவது சரியன்று. தனிநபரின் துப்பாக்கி உரிமையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பே அந்த உரிமை வரம்பற்றதல்ல என்றும் கூறியிருக்கிறது.