லோகோ வடிவமைப்பு கற்க எந்த மென்பொருள்? ஒரு பெற்றோருக்கு ஆலோசனை

உங்கள் மகள் லோகோ வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், அதற்காக அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அவருடைய ஆர்வத்தில் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. அவர் முதலில் பழக வேண்டியதைச் செலவின்றியே பழக முடியும் என்பதால் சொல்கிறேன்.

அவர் இதுவரை ஃபோட்டோஷாப்பில்தான் வரைந்து வந்திருக்கிறார். அது அடிப்படையில் புகைப்படங்களைத் திருத்துவதற்கான மென்பொருள். படத்தைப் பெரும்பாலும் பிக்சல்கள் எனப்படும் நுண்ணிய வண்ணச் சதுரங்களாகவே கையாள்கிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3 அங்குல அகலத்துக்கு வரைந்த லோகோவில் குறுக்குவாட்டில் 900 பிக்சல்கள் இருக்கும். அதையே 10 அடிப் பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு ஏழரைப் பிக்சல்தான் தேறும். விளிம்புகள் சிதைந்து தெரியும். வெக்டர் மென்பொருள் கோடுகளையும் வளைவுகளையும் கணித வடிவில் சேமிப்பதால், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. எனவே அவர் வெக்டருக்கு மாறியே ஆக வேண்டும்.

வெக்டர் மென்பொருள்களில் இல்லஸ்ட்ரேட்டர் 1987இலும், கோரல் டிரா 1989இலும், இலவசமான, திறந்த மூல இங்க்ஸ்கேப் 2003இலும் வெளிவந்தன. மூன்றுமே பெசியர் வளைவுகளை, அதாவது சில புள்ளிகளை வைத்து அவற்றின் வழியே வடிவமைக்கும் வளைவுகளை, கொண்டு இயங்குகின்றன. ஒன்றில் கை பழகிவிட்டால் மற்றொன்றில் பொத்தான்களின் இடத்தையும் பெயரையும் மட்டும் புதிதாகக் கற்றால் போதும். ஆகவே இங்க்ஸ்கேப்பில் தொடங்கச் சொல்லுங்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ணங்களை (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் கலவையை) கையாள்வதில் அது பின்தங்கியது என்பது உண்மைதான். ஆனால் தொடக்கநிலையில் பயில்பவருக்கு அந்தக் குறை தடையாகாது.

பழகிவிட்டாரா என்பதைக் கணினி அறியாத நீங்களே சோதிக்கலாம். அவர் வரைந்த ஆங்கில 'ஓ' எழுத்தின் புற வளைவில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள். தேர்ந்த கை நான்கு புள்ளிகளில் அதை முடித்துவிடும்; படத்தைக் கொடுத்துத் தானியங்கியாக வெக்டராக்கியிருந்தால் பெரும்பாலும் தேவையற்ற புள்ளிகள் மொய்த்துக்கிடக்கும். நேர்காணலில் மூலக்கோப்பைத் திறந்து பார்ப்பவர்கள் கவனிப்பதும் இதைத்தான். கூடவே, அதே லோகோவை வண்ணமின்றிக் கறுப்பில் மட்டும், 16 பிக்சல் அகலத்தில் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் அடையாளம் தெரிகிறதென்றால் வடிவமைப்பிலும் தேறிவிட்டார் என்று கொள்ளலாம்.

கேன்வா போன்ற, ஆயத்த மாதிரிகளைத் தரும் வார்ப்புருத் தளங்கள் சமூக ஊடகப் பதிவுகளுக்கு நன்றாகவே உதவும். ஆனால் அங்குள்ள ஆயத்தப் படங்களை எவரும் பயன்படுத்தலாம் என்பதால், அவற்றைக் கொண்டு செய்த லோகோவை வாடிக்கையாளர் தமக்கே உரிய வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய முடியாது. இத்தகைய லோகோக்களை மட்டும் வைத்து வேலை தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கைப்பழக்கம் வந்த பிறகு, அவர் சேர விரும்பும் வேலைகளின் விளம்பரங்களைச் சேர்ந்து படித்துப் பாருங்கள். விளம்பர நிறுவனங்கள் பெரும்பாலும் இல்லஸ்ட்ரேட்டரைக் கேட்கும். அச்சகங்களிலும் பெயர்ப்பலகைத் தொழிலிலும் கோரல் டிரா இன்னும் பரவலாகப் புழங்குகிறது. எது மிகுதியாகக் கேட்கப்படுகிறதோ அதற்கு, வேலை தேடும் மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டினால் போதும். ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு இடையில் விலகினால் அபராதம் விழக்கூடும். விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள். சந்தா முடிந்தபின் இல்லஸ்ட்ரேட்டர் திறக்காது என்பதால், ஒவ்வொரு லோகோவையும் பிற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய எஸ்விஜி, பிடிஎஃப் ஆகிய கோப்பு வடிவங்களிலும் ஒரு படி சேமித்து வைக்கும் வழக்கத்தை இப்போதே பழக்கிவிடுங்கள்.