டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்ட அம்மாவைப் பார்க்க எல்லோரையும் இப்போதே வரச் சொல்லலாமா?

அம்மாவுக்கு 79 வயது, டயாலிசிஸ் போதும் என்று அவரே முடிவு செய்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அம்மா பயந்துவிடுவாரோ என்பது உங்கள் தயக்கம்.

கூப்பிடுங்கள். இந்த வாரமே கூப்பிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்களும் இதே இடத்தில்தான் நின்றோம்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவை வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்குக் காரில் கூட்டிப்போவோம். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்துவிட்டு, வரும் வழியெல்லாம் கண்ணை மூடியே இருப்பாள். ஒரு நாள் சேரன்மகாதேவி தாண்டும்போது என் கையைப் பிடித்து, "போதும்யா, இனி என்னைய அங்க கூட்டிட்டுப் போகாத" என்றாள். அவளுக்கு 82 வயது. நிதானமாகத்தான் சொன்னாள்.

மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாக இரண்டு முறை கேட்டார். அப்புறம் எங்களிடம், "நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். சிறுநீர் கொஞ்சம் போகிறவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகும். முதல் சில நாள் நன்றாகப் பேசுவார்கள், அப்புறம் ரத்தத்தில் கழிவு ஏற ஏறத் தூக்கம்தான். பேச வேண்டியவர்கள் அதற்குள் வரட்டும்" என்றார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். அப்பா போனது ஐசியூவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அன்று ராத்திரியே எல்லோருக்கும் போன் போட்டேன். அண்ணன் துபாயிலிருந்து மூன்றாம் நாள் வந்துவிட்டான். அக்கா கோயம்புத்தூரிலிருந்து பிள்ளைகளோடு வந்தாள். அம்மா பயப்படவே இல்லை. "எல்லாரும் வந்தாச்சா? அப்ப சொதி வைங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு இரண்டிலும் பொட்டாசியம் அதிகம் என்று மூன்று வருடமாக அவள் தட்டுப் பக்கமே விடவில்லை நாங்கள். மருத்துவரிடம் கேட்டோம். "இனி ஆசைப்பட்டதைக் கொடுங்கள். தண்ணீர் மட்டும் அளவாக, இல்லாவிட்டால் மூச்சு முட்டும்" என்றார். அக்கா மூன்று பால் பிழிந்தாள். மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சை பிழிந்தாள். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி குழைந்த சோற்றில் நாலு ஸ்பூன் சாப்பிட்டாள். "உப்பு கம்மி" என்றாள். உப்பில்லாமல் சாப்பிட்டே பழகிய நாக்கு, அதற்கும் கம்மியாகத் தெரிந்திருக்கிறது! அக்கா அடுக்களைக்குப் போய் அழுதாள்.

அத்தையைக் கூப்பிடுவதா என்று எங்களுக்குள் பெரிய பேச்சு நடந்தது. வயல் பங்கில் தகராறாகி அவர்கள் நம் வீட்டு வாசல் மிதித்துப் பதினொரு வருடம். நான் கூப்பிட்டேன். வந்தவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மதினி" என்றார்கள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அம்மா, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டாள். வயலைப் பற்றி இருவருமே பேசவில்லை. சாயங்காலம்வரை அத்தை அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். கட்டிலைச் சுற்றி மொத்தமாகக் கூட வேண்டாம். இரண்டு இரண்டு பேராகப் போகட்டும், மற்றவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கட்டும். அந்தச் சத்தம் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. "ஒண்ணுமில்லம்மா, சரியாயிரும்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்; அவருக்குத் தெரியும். பேரன் ஒருவன், "ஆச்சி, நீ சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு இன்னும் ஞாபகம் இருக்கு" என்று பதினாறாம் வாய்ப்பாட்டை முழுக்கச் சொன்னான். அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது.

சொந்தத்தில் யாராவது "வைத்தியத்தை நிறுத்திட்டாங்க" என்று உங்களைக் குத்திப் பேசலாம். நினைவு தெளிவாக உள்ள ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றமே 2018 மார்ச்சில் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அம்மாவே தன் வாயால் எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்காகவும் எல்லோரும் சீக்கிரம் வருவது நல்லது.

ஆறாம் நாளிலிருந்து அம்மா கண் திறக்கவில்லை. பால் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த நர்ஸ், ஊற்றினால் புரையேறும், விரலில் தொட்டு உதட்டில் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியே ஒவ்வொருவரும் வைத்தோம். காது கேட்கும், பேசுங்கள் என்றும் சொன்னார். பதில் பேச முடியாத கடைசி மணி நேரங்களிலும் சிலருடைய மூளை சத்தத்துக்கு அசைவு காட்டுவதை 2020-ல் கனடாவில் ஓர் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். நாங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தோம். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அண்ணன் பழைய மாட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நின்றது தெரியாமல் அவன் கதையை முடித்திருந்தான்.

உங்கள் அம்மா இன்னும் பேசுகிறார் என்கிறீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு முதலில் போன் போடுங்கள், அவருக்குத்தான் டிக்கெட் கிடைக்க நாளாகும்.