சேம்பு இலையின் பெயர் கொண்ட வௌவால்

கேள்வி: ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்காவில் குகைகள் இருந்தும், அங்குள்ள வௌவால் மரத்திலேயே தங்குகிறது என்று படித்தேன். பூங்காவுக்குள் வாழும் உயிருக்கு அப்படி என்ன ஆபத்து? அங்கே சென்றால் அதைப் பார்க்க முடியுமா?

பதில்: ஹவாய் மக்கள் அதை 'ஓபேஆபேஆ' என்று அழைக்கிறார்கள்; மேற்பாதியைக் கிள்ளிய பின் தண்டில் எஞ்சி நிற்கும் சேம்பு இலையை அதன் சிறகு ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். வட அமெரிக்காவிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடந்து வந்த வௌவால்களின் வழிவந்த இது, குகையில் கூட்டமாகத் தொங்கும் இனம் அன்று. ஓஹியா போன்ற மரங்களின் அடர்ந்த இலைகளுக்கிடையே, ரோமம் மூடிய வால் சவ்வைப் போர்வையாக வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டு, பகல் முழுவதும் தனியே தொங்கும். எடை 14 முதல் 18 கிராம்தான். நுனி வெளுத்த பழுப்பு ரோமம் வேறு. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கூடக் காய்ந்த சருகு என்றே எண்ணிக் கடந்துவிடுவார்.

மரம் வெட்டுவோர் கண்ணிலும் அது படாததுதான் பெரிய துயரம். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும் தாய், கிளை சாயும்போது பறந்து தப்பக்கூடும். பறக்கப் பழகாத குட்டிகளுக்கு அந்த வழி இல்லை. ஆகவேதான், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை 15 அடிக்கு மேல் உயர்ந்த மரங்களை வெட்டவோ கழிக்கவோ வேண்டாம் என்று அமெரிக்க வனவிலங்குத் துறை கேட்டுக்கொள்கிறது. மூன்றரை மாதம் அரிவாளை ஓரமாக வைப்பது எவருக்கும் பெரிய சுமையாகாது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

பூங்காவின் எல்லை அதற்குத் தெரியாது. அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் தேடி ஓரிரவில் பல கிலோமீட்டர் பறக்கும்போது, வெளியே காற்றாலைகளும் முள்கம்பி வேலிகளும் குறுக்கிடுகின்றன. முள்ளில் சிறகுச் சவ்வு மாட்டிக்கொண்டால் விடுபட முடியாமல் அங்கேயே இறந்துவிடுகிறது. 1970-இல் அழிந்துவரும் இனமாக அறிவிக்கப்பட்ட இதனை, 2015-இல் ஹவாய் தன் மாநில நிலப் பாலூட்டியாக ஏற்றது. அத்தீவுகளுக்கே உரிய நிலப் பாலூட்டிகளில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றே.

பார்க்க விரும்பினால் பகலில் மரங்களில் தேட வேண்டாம். அந்தி மயங்கும் நேரத்தில், காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஓரத்தில் பொறுமையாக நில்லுங்கள். வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில், பூச்சியைத் துரத்திச் சட்டெனத் திரும்பும் ஓரடி அகலச் சிறகு தென்படலாம்.